பிழைகளின் வரலாறும் பொருள்முதல்வாதமும்: செபஸ்தியானோ திம்பனாரோவின் ஆய்வு வாழ்வு

ஆய்வறிஞர் ஒருவரது பணியை மதிப்பிடப் புகுவோர் அவர் வகித்த பதவிகளையும் அவர்வழி உருவான மாணாக்கரையும் முதலில் எடுத்துரைப்பது வழக்கம். இத்தாலிய இலக்கிய வரலாற்றாய்விலும் கிரேக்க, இலத்தீன் மூலபாட ஆய்விலும் இருபதாம் நூற்றாண்டின் முதன்மையானோருள் ஒருவராக எண்ணப்படும் செபஸ்தியானோ திம்பனாரோ (1923–2000) விடயத்தில் இவ்வழக்கம் பயன்படாது. பல்கலைக்கழகப் பேராசிரியப் பதவி எதனையும் அவர் வகித்ததில்லை. முதலிற் பாடசாலை ஆசிரியராகவும், பின்னர் இருபதாண்டுகளுக்கு மேலாகப் புளோரன்ஸ் நகரத்துப் பதிப்பகம் ஒன்றிலே ஒப்புநோக்காளராகவும் பணிபுரிந்து சீவித்தவர் அவர். பலர் முன்னிலையிற் பேசுவதற்குத் தம்மாலியலாதபடி தம்மைத் தடுத்த உளநிலைக் குறைபாடு குறித்து அவர் ஒளிவுமறைவின்றி இருந்தார். விரிவுரை மண்டபம் அவருக்கு அடைபட்டிருந்தமைக்கு அதுவும் ஒரு காரணமாகும்.

அச்சுக்குப் போகும் தாள்களிலே பிறர் விட்ட பிழைகளைத் தேடுவது அவரது பிழைப்பு. நூற்றாண்டுகளாக ஏடெழுதுவோர் விட்ட பிழைகளின் காரணங்களைத் தேடுவது அவரது புலமை. இவ்விரண்டுக்கும் அவரது மார்க்சியத்துக்கும் இடையிலே உள்ள தொடர்பு தற்செயலானதன்று என்பதே இக்கட்டுரையாளரின் கருத்து.

ஈழத்துத் தமிழ் வாசகருக்கு மார்க்சியமும் கிரேக்கப் புலமையும் இணைந்து அறிமுகமானது பேராசிரியர் ஜோர்ஜ் தொம்சன் வழியாகவே என்பதை இவ்விடத்தில் நினைவுகூரலாம். கைலாசபதியும் சிவத்தம்பியும் பேர்மிங்ஹாமில் அவரிடத்திலேயே கலாநிதிப் பட்ட ஆய்வை மேற்கொண்டனர். தொம்சன் எழுப்பிய வினா இலக்கியத்தின் தோற்றம் பற்றியது: எத்தகைய சமுதாய அமைப்பு எத்தகைய கவிதையை, எத்தகைய நாடகத்தைப் பிறப்பித்தது என்பது. திம்பனாரோ எழுப்பிய வினா வேறு. பிறந்த நூல் நம் கைக்கு எவ்வழியாக வந்து சேர்ந்தது, வரும் வழியில் அதற்கு என்ன நேர்ந்தது என்பதே அது. முன்னையதற்குப் பழகிய கண்களுக்குப் பின்னையது வெறும் புலவர் தொழிலாகத் தோன்றலாம். ஆயின் அவ்வாறு கருதுவது தவறு.

திம்பனாரோ பார்மா நகரிலே பிறந்தார். அதே பெயருடைய தந்தையார் பெளதிகவியலும் விஞ்ஞான வரலாறும் கற்றவர். தாயார் மரியா கார்தினி சோக்கிரதீசுக்கு முற்பட்ட கிரேக்க மெய்யியலாரை இத்தாலிய மொழியிற் பெயர்த்தவர். இயற்கை பற்றிய அறிவும் பண்டைய மொழிகளும் ஒரே வீட்டிற் குடியிருந்தன எனலாம். புளோரன்சிலே அவர் ஜோர்ஜோ பஸ்குவாலியின் வழிகாட்டலைப் பெற்றார். பஸ்குவாலி 1934ஆம் ஆண்டு வெளியிட்ட பெருநூல், ஒவ்வொரு பண்டைய நூலினதும் ஏட்டு வழிவரவு தனித்தனியான வரலாறு உடையது என்றும், காலத்தாற் பிந்திய ஏடு என்பதாலேயே அது தரங்குன்றியதாகாது என்றும் வாதிட்டது. அரசியலிலே திம்பனாரோ கம்யூனிஸ்ட் கட்சியிற் சேர்ந்தவரல்லர். சோஷலிஸ்ட் கட்சியின் இடதுசாரிப் பிரிவைச் சார்ந்தவர். அக்கட்சி மத்திய-இடது கூட்டரசாங்கத்தில் இணைந்ததன் விளைவாக 1964இல் ஏற்பட்ட பிளவின்போது வெளியேறியோருடன் நின்றார்.

மூலபாட ஆய்வின் அடிப்படையைச் சற்று விரிவாக நோக்குதல் அவசியம். ஏனெனில் அவரது ஏனைய சிந்தனைகளுக்கெல்லாம் ஊற்று அங்குதான் உள்ளது.

ஆசிரியர் கையால் எழுதிய மூலப்பிரதி அழிந்துவிட, ஒன்றுக்கொன்று வேறுபடும் பல படிகள் மாத்திரம் எஞ்சியுள்ளன என்று கொள்வோம். பழந்தமிழ் நூல்களை ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொணர்ந்த தாமோதரம்பிள்ளை, சாமிநாதையர் முதலியோர் பாடபேதங்கள் பற்றி எழுதியவற்றைப் படித்தோர்க்கு இந்நிலைமை நன்கு தெரிந்ததே. எவ்வேட்டை நம்புவது? பல ஏடுகள் ஒருமுகமாகக் கூறுவதே சரியென்பது முதலில் தோன்றும் விடை. ஆனால் பத்து ஏடுகளும் ஒரே கெட்ட ஏட்டைப் பார்த்து எழுதப்பட்டவையாயின் அவை பத்துச் சாட்சிகளல்ல, ஒரே சாட்சியே. எனவே ஏடுகளை எண்ணுவதற்கு முன்னர் அவற்றின் உறவுமுறையை அறிதல் வேண்டும். அவ்வுறவை எதனைக்கொண்டு அறிவது? இங்கேதான் இம்முறையின் நுட்பம் உள்ளது. சரியான பாடம் இரண்டு ஏடுகளில் ஒத்திருப்பதால் எதுவும் நிறுவப்படுவதில்லை. இரண்டும் மூலத்தைத் தனித்தனியே காப்பாற்றியிருக்கலாம். தனித்தனியே நேர்ந்திருக்க முடியாத ஒரே பிழை இரண்டிலும் காணப்படுமாயின், அவை பொதுவான ஒரு மூதாதை ஏட்டிலிருந்து இறங்கியவை என்று துணியலாம். ஏடுகளின் கொடிவழியை வரையத் துணைசெய்வது உண்மையன்று, பிழையே.

இம்முறை ஜேர்மானிய அறிஞர் கார்ல் லாக்மன் (1793–1851) பெயராலேயே வழங்கி வருகின்றது. அவர் 1850இல் வெளியிட்ட லுக்கிரீசியஸ் பதிப்பு அதன் உச்சமெனக் கொள்ளப்பட்டது. திம்பனாரோவின் ‘லாக்மன் முறையின் தோற்றம்’ (1963) என்ற நூல் இக்கருத்தைத் தகர்த்தது. கொடிவழி வரைபடம் 1830களின் தொடக்கத்திலேயே ட்சும்ட், ரிட்சல், மாட்விக் முதலியோராற் கையாளப்பட்டது. லாக்மன் அத்தகைய வரைபடம் எதனையும் வரைந்தவரல்லர். லுக்கிரீசியஸ் ஏடுகளின் உறவினை அவருக்கு முன்னரே, 1847இல், பெர்னாய்ஸ் என்ற இளம் அறிஞர் தெளிவுபடுத்தியிருந்தார். மேதை ஒருவரின் தனிக் கண்டுபிடிப்பாகப் போற்றப்பட்டது, பலர் தட்டுத்தடுமாறிச் சேர்த்த கூட்டுழைப்பின் விளைவென அந்நூல் காட்டியது. ஏடுகளின் கொடிவழிக்கும் ஒப்பியல் மொழிநூலார் வரைந்த மொழிக்குடும்ப மரத்துக்கும் உள்ள ஒப்புமையையும் அவர் ஆராய்ந்தார். மூதாதையை மீட்டெடுக்கும் வேட்கை பத்தொன்பதாம் நூற்றாண்டின் இரு அறிவுத்துறைகளை ஒரே காலத்தில் ஆட்கொண்டிருந்தது. அந்நூலின் பிற்சேர்க்கை ஒன்று மிகச் சுவையானது. பதிப்பாசிரியர் வரையும் கொடிவழிகளிற் பெரும்பாலானவை ஏன் இரண்டே கிளைகளாகப் பிரிகின்றன என்று பிரெஞ்சு அறிஞர் பெடியே 1928இல் ஐயுற்று வினவியிருந்தார். கிளைகள் இரண்டாயின் விரும்பிய பாடத்தைத் தேர்ந்துகொள்ளும் சுதந்திரம் பதிப்பாசிரியருக்குக் கிடைக்கும் என்பது அவரது குத்தல். திம்பனாரோ அதனைப் புறந்தள்ளவுமில்லை, முழுமையாக ஏற்கவுமில்லை. அழிந்துபோன ஏடுகள், ஒரே வேளையில் இரண்டு ஏடுகளைப் பார்த்தெழுதியதால் நேர்ந்த கலப்பு, ஆய்வாளரின் சார்பு என்று பலவற்றையும் நிறுத்துப் பார்க்கிறார்.

இதற்கு எட்டாண்டுகளுக்கு முன்னரே, 1955இல், ‘லியோபார்டியின் மொழிநூற் புலமை’ வெளிவந்திருந்தது. ஜாக்கோமோ லியோபார்டி (1798–1837) இத்தாலியின் தலைசிறந்த தன்னுணர்ச்சிக் கவிஞர் என்பது யாவரும் அறிந்தது. பாப்பரசரின் ஆட்சிப்புலத்திலிருந்த ரெக்கனாத்தி என்ற சிற்றூரிலே, தந்தையாரின் நூலகத்தில், ஆசிரியர் துணையின்றிக் கிரேக்கமும் எபிரேயமும் கற்றுப் பண்டைய பாடங்களைத் திருத்திய புலவராகவும் அவர் இருந்தார். அவரது புலமைப்பணி இளமைப் பருவத்து விளையாட்டென ஒதுக்கப்பட்டு வந்தது. திம்பனாரோ அவரது குறிப்புகளை ஒவ்வொன்றாகச் சோதித்து, ஐரோப்பிய அறிஞர் வரிசையில் அவருக்குரிய இடத்தை வரையறுத்தார். கவிஞரின் சிந்தனைக்கும் புலமைக்கும் இடையே சுவர் இல்லை என்பது இதன்வழி புலனாயிற்று. ஆய்வாளரது பொறுமை எத்தகையது என்பதை அறிய விரும்புவோர் முதலிற் படிக்கவேண்டியது இந்நூலே.

எனினும் நமது விமர்சனச் சூழலுக்கு அதிகம் பயன்படுவது 1965இல் வெளிவந்த ‘பத்தொன்பதாம் நூற்றாண்டு இத்தாலியிற் செவ்வியல்வாதமும் அறிவொளியும்’ என்ற கட்டுரைத் தொகுதியாகும். 1816இல் ஸ்டேல் சீமாட்டி இத்தாலியர் வட ஐரோப்பிய இலக்கியங்களை மொழிபெயர்த்துக் கற்கவேண்டுமென எழுதியதிலிருந்து அந்நாட்டிலே செவ்வியலாருக்கும் ரொமாண்டிக் இயக்கத்தாருக்கும் பெரும் வாதம் மூண்டது. இலக்கிய வரலாறுகள் அவ்வாதத்தை எளிய சூத்திரமாகச் சுருக்கியிருந்தன. ரொமாண்டிக் இயக்கத்தார் புதுமையையும் மக்களையும் தேசவிடுதலையையும் சார்ந்தோர். செவ்வியலார் பழமையையும் பிற்போக்கையும் சார்ந்தோர். இரண்டாம் உலகப் போரின் பின் கிராம்சியின் சிறைக் குறிப்புகள் வெளியாகி, ‘தேசிய-வெகுசன’ இலக்கியம் என்ற கருத்து செல்வாக்குப் பெற்றபோது முற்போக்கு விமர்சகர் பலருக்கும் இச்சூத்திரம் வசதியாயிற்று.

திம்பனாரோ இங்கு வினவியது மிக எளிய வினா: இவ்விரு அணியினரும் உண்மையில் என்ன எண்ணினர்? மன்சோனி முதலிய ரொமாண்டிக் எழுத்தாளரிடையே கத்தோலிக்க உணர்வோடு இணைந்த மிதவாதத் தாராளமே மேலோங்கியிருந்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் அறிவொளிச் சிந்தனையிலிருந்து, சிறப்பாக அதன் பொருள்முதல்வாதத்திலிருந்து, அவர்கள் விலகினர். மன்சோனி எளியோரை நோக்கும் பார்வையிலுள்ள தருமவான் தோரணையைக் கிராம்சியே கண்டித்திருந்தார் என்பதும் கவனிக்கத்தக்கது. மறுபுறத்திலே, இலக்கிய நடையிற் பழமையைப் போற்றிய பியெத்ரோ ஜோர்தானி (1774–1848) சமய ஆதிக்கத்தையும் பிரபுத்துவத்தையும் எதிர்த்தவர். லியோபார்டியின் திறனை முதலில் இனங்கண்டவரும் அவரே. கார்லோ கத்தானேயோ (1801–1869) பொருளாதாரம், மொழியியல், புவியியல் என்று பல துறைகளிலே விஞ்ஞான நோக்கைப் பரப்பியவர். 1848 மார்ச்சில் ஒஸ்திரிய ஆட்சிக்கெதிராக மிலான் மக்கள் ஐந்து நாள் கிளர்ந்தெழுந்தபோது அதன் யுத்த சபைக்குத் தலைமை தாங்கியவர். அறிவொளியின் மரபு அறுபடாமற் கடத்தப்பட்டது செவ்வியலாருள் ஒரு பிரிவினர் வழியாகவே என்பது திம்பனாரோவின் முடிவு. எல்லாச் செவ்வியலாரும் அவ்வாறிருந்தனர் என்று அவர் கூறவில்லை. வெறும் சொல்லலங்காரப் பண்டிதர் அக்காலத்தில் மலிந்திருந்தனர்.

இலக்கியக் கொள்கையின் பெயர்ப்பலகையை வாசித்து ஒருவரது வர்க்கச் சார்பைத் தீர்மானிக்கும் பழக்கம் நம்மிடையேயும் இல்லாமலில்லை. மரபுக்கவிதை எழுதுபவர் பழமைவாதி, புதுக்கவிதை எழுதுபவர் முற்போக்காளர் என்றும், வேறு சிலர் வாயில் அதற்கு நேர்மாறாகவும், கேட்டுச் சலித்திருக்கிறோம். வடிவத்துக்கும் கருத்துநிலைக்கும் இடையிலான உறவு ஒவ்வொரு தறுவாயிலும் புதிதாக ஆராயப்படவேண்டியது என்பதற்கு ஜோர்தானி நல்லதோர் உதாரணம்.

லியோபார்டி விடயத்தில் இச்சிக்கல் இன்னும் கூர்மையடைகின்றது. நம்பிக்கை வறட்சியின் கவிஞரை முற்போக்காளர் என்ன செய்வது? லுப்போரினி 1947இலேயே அவரை ‘முற்போக்கான லியோபார்டி’ என்று அழைத்து, பிரெஞ்சுப் புரட்சியின் இலட்சியங்கள் தோற்றமையின் ஏமாற்றத்தை அவரது துயரின் அடியிற் கண்டார். திம்பனாரோ அவ்விளக்கத்தை மதித்தார். ஆயினும் அது போதாதென்றார். கவிஞரின் பிற்கால எழுத்துகளில் மனிதனின் துன்பத்துக்குக் காரணமாகச் சுட்டப்படுவது கெட்ட சமுதாயம் மாத்திரமன்று. நோய், முதுமை, மரணம் ஆகியவற்றை மனிதர்மீது சுமத்தும் இயற்கையுமாகும். கூன் விழுந்து, கண்பார்வை நைந்து, நோயால் வதைபட்ட ஒருவரின் தனிப்பட்ட புலம்பல் இது என்று எதிரிகள் ஏளனஞ் செய்தனர். தமது மெய்யியலைத் தமது உடற்குறையின் விளைவாகக் காட்டுவதை லியோபார்டியே 1832இல் எழுதிய கடிதம் ஒன்றில் வன்மையாக மறுத்திருந்தார். திம்பனாரோ இவ்விரண்டுக்கும் அப்பாற் செல்கிறார். நோய் லியோபார்டிக்குக் கண்ணை மறைக்கும் திரையாகவன்றி, மனிதன் இயற்கைக்கு எவ்வளவு கட்டுப்பட்டவன் என்பதை அறியும் கருவியாக அமைந்தது என்பது அவர் வாதம்.

இவ்விலக்கிய ஆய்வே ‘பொருள்முதல்வாதம் குறித்து’ (1970) என்ற நூலாக விரிந்தது. 1975இல் ஆங்கிலத்தில் வெளிவந்து இத்தாலிக்கு வெளியே அவர் பெயரைப் பரப்பியது இதுவே. மேற்கைரோப்பிய மார்க்சியர் பலர் பொருள்முதல்வாதம் என்ற சொல்லுக்கு நாணுவோராய், ‘செயல்முறை’ என்றும் ‘அமைப்பு’ என்றும் வேறு பெயர்களுக்குள் அதனைக் கரைத்துவிட்டனர் என்பது அவரது முதற் குற்றச்சாட்டு. கருத்துமுதல்வாதம் முன்வாசலால் விரட்டப்பட்டுப் பின்வாசலால் நுழைகிறது. மனிதன் இயற்கையை மாற்றுகிறான் என்பது உண்மை. இயற்கையும் மனிதனைத் தாக்குகிறது, அதன்முன் அவன் வாளாவிருக்க நேரும் கணங்களும் உண்டு என்பதும் உண்மை. அக்காலத்தில் பழைமையானவராக ஒதுக்கப்பட்டிருந்த எங்கெல்சை அவர் மீட்டெடுக்க முனைந்தது இக்காரணத்தாலேயே. அல்தூசர், லெவி ஸ்ட்ரோஸ் ஆகியோரின் அமைப்பியல்வாதம் விஞ்ஞானத்தின் சொற்களை அணிந்துகொண்டு அனுபவ உண்மையை அவமதிக்கிறது என்றும் அவர் சாடினார். சோசூரின் மொழியியலைத் தனியே எடுத்து, அதன் மெய்யான சாதனையை ஏற்றபின்னரே பிற்காலத்தார் அதனை ஊதிப்பெருப்பித்ததைக் கண்டிக்கிறார்.

இலக்கிய மாணவருக்கு இந்நூலில் முக்கியமான பகுதி, மார்க்ஸ் 1857இல் எழுதிய முன்னுரைக் குறிப்பில் எழுப்பிய வினா பற்றியது. கிரேக்கக் கலை தோன்றிய சமுதாய நிலைமைகள் மறைந்தபின்னரும் அது நமக்கு இன்பம் தருவது எவ்வாறு? மேற்கட்டுமானம் அடித்தளத்தோடு மாறுவதாயின் பழைய கவிதை நமக்குப் புரியாப் பொருளாகவன்றோ இருத்தல் வேண்டும்? காதல், வாழ்நாளின் குறுமை, உறவினரின் இறப்பு என்பன சமுதாயந்தோறும் வேறுவேறாக உணரப்படுகின்றன. ஆயினும் அவற்றின் உயிரியல் அடிப்படை, பொருளுற்பத்தி முறைகள் மாறும் வேகத்தில் மாறுவதில்லை. ‘என்றுமுள்ள மனித இயல்பு’ என்ற கருத்துமுதல்வாதக் கற்பனையை ஏற்காமலே, நீண்டகாலம் நிலைபெறும் மனித நிலைமை ஒன்றை இவ்வாறு விளக்கலாமென்பது அவர் நிலைப்பாடு. பழைய இலக்கியம் நம்மை ஏன் இன்னும் தொடுகின்றது என்பதற்கு மார்க்சியர் தந்த விடைகளுள் இதுவே நேர்மையானதென இக்கட்டுரையாளர் கருதுகிறார்.

குறையும் இல்லாமலில்லை. றேமன்ட் வில்லியம்ஸ் 1978இல் இந்நூலை மிக மதித்து ஆராய்ந்தபோதும், இயற்கையை மனிதனை ஒடுக்கும் வெளிச்சக்தியாக நிறுத்துவதிலுள்ள ஒருதலைப்பாட்டைச் சுட்டினார். நாமும் அவ்வியற்கையின் பகுதியே. நோயும் முதுமையும்கூட யாருக்கு எப்போது வருகின்றன என்பதை வர்க்கம் பெரிதும் தீர்மானிக்கிறது. தோட்டத் தொழிலாளியின் முதுமை தோட்டத்துரையின் முதுமையன்று. திம்பனாரோ இதனை அறியாதவரல்லர். ஆனால் போதிய அழுத்தம் கொடுத்தாரல்லர்.

‘பிராய்டின் வாய்த்தவறு’ (1974) என்ற நூலிலே ஒப்புநோக்காளரும் பொருள்முதல்வாதியும் நேரடியாகச் சந்திக்கின்றனர். நாளாந்த வாழ்வில் நேரும் மறதிக்கும் சொல்தவறுதலுக்கும் அடியில் அடக்கப்பட்ட நினைவு ஒன்று ஒளிந்திருப்பதாகப் பிராய்ட் 1901இல் வாதிட்டிருந்தார். அவர் காட்டிய புகழ்பெற்ற உதாரணம், பயணத்திலே சந்தித்த இளைஞர் ஒருவர் வேர்ஜிலின் காவியத்திலிருந்து தைதோ அரசியின் சாப அடியை நினைவிலிருந்து கூறியபோது ‘அலிகுவிஸ்’ (‘யாரோ ஒருவர்’) என்ற சொல்லை விட்டுவிட்டமை. பிராய்ட் அச்சொல்லைத் துண்டாக்கி, புனிதரின் எச்சம், நீர்மம், நேப்பிள்ஸ் நகரிலே உருகும் புனித சனுவாரியசின் இரத்தம் என்று எண்ணச் சங்கிலியைத் தொடர்ந்து, தம் காதலியின் மாதவிடாய் தவறியிருக்குமோ என்ற இளைஞரது அச்சத்தில் முடிக்கிறார்.

ஏடெழுதுவோரின் பிழைகளை ஆயிரக்கணக்கிற் கண்ட திம்பனாரோ கூறும் விளக்கம் சாதாரணமானது. முன்னிலை வினையோடு இச்சொல் சேர்ந்துவருதல் இலத்தீனிலேயே அரிது. ஜேர்மன் மொழியில் அதனை அப்படியே பெயர்க்கவியலாது. அதனை விட்டாலும் பொருள் சிதையாது. அரிதானதை நீக்கிப் பழகியதை வைத்தல் ஏடெழுதுவோரின் மிகப் பொதுவான பிழைவகை. அவர்கள் எல்லோரும் காதலியை நினைத்துக் கலங்கியவராயிருக்க முடியாது. மேலும், அவ்வடியிலுள்ள வேறெந்தச் சொல்லை அவ்விளைஞர் மறந்திருப்பினும் அதே அச்சத்துக்கு இட்டுச்செல்லும் சங்கிலியைப் புனையலாமென்று அவர் ஒவ்வொரு சொல்லாக எடுத்துக் காட்டுகிறார். எதையும் நிறுவவல்ல முறை எதனையும் நிறுவுவதில்லை. உள்ளத்துக்கும் அடியில் உடல் உண்டு, களைப்பு உண்டு, பழக்கம் உண்டு என்பதை நாளெல்லாம் அச்சுத்தாளைப் பார்த்தவர் அறிவார்.

எனினும் வாய்த்தவறுகளில் வென்றமையால் உளப்பகுப்பாய்வு முழுவதையும் வென்றதாகக் கொள்ளமுடியாது. கனவும் நரம்புநோயும் வேறு சான்றுகளை வேண்டி நிற்பன. பிராய்டியச் சார்புடைய இலக்கிய ஆய்வாளர் பிரான்செஸ்கோ ஒர்லாண்டோவுடன் 1971 முதல் 1977 வரை அவர் நடத்திய கடித விவாதம் பின்னர், 2001இல், நூலாயிற்று. கருத்து மாறுபட்ட இருவர் நட்பைக் கெடுக்காது எவ்வாறு வாதிடலாமென்பதற்கு அது சான்று.

1973இன் பின் கம்யூனிஸ்ட் கட்சி, கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சியுடன் ‘வரலாற்றுச் சமரசம்’ நாடியபோது இலக்கிய வரலாறும் அதற்கேற்ப வளைந்தது. புளோரன்சில் 1821 முதல் 1833 வரை வெளிவந்த ‘அந்தோலொஜியா’ சஞ்சிகையின் மிதவாதத் தாராளவாதிகள் நடைமுறை அறிவுடையோராகவும், அவர்களோடு ஒத்துப்போகாத லியோபார்டி காலத்துக்கு ஒவ்வாதவராகவும் சித்திரிக்கப்பட்டனர். இடதுசாரிகளிடமிருந்தே இக்குரல் எழுந்தமை திம்பனாரோவைச் சினங்கொள்ளச் செய்தது. அக்கட்டுரைகள் 1982இல் ‘இத்தாலிய இடதுசாரியில் லியோபார்டி எதிர்ப்பாளரும் புதிய மிதவாதிகளும்’ என்று நூலாயின. மறு ஆண்டிலே, எவரும் எதிர்பாராத வகையில், ‘இதயம்’ என்ற சிறுவர் நூலால் புகழ்பெற்றுக் கண்ணீர்க் கதைக்காரரென ஏளனத்துக்காளான தெ அமீச்சிசின் சோஷலிசத்தைப் பற்றி எழுதினார். அவ்வாசிரியர் அச்சிடாது விட்டு, 1980இலேயே வெளியான ‘மே முதலாம் நாள்’ என்ற நாவலின் ஆய்வு அது. 1985இல் ஹோல்பாக்கின் ‘நல்லறிவு’ என்ற பதினெட்டாம் நூற்றாண்டு நாத்திக நூலைத் தாமே மொழிபெயர்த்தார். சுற்றாடல் அழிவும் சோஷலிசமும் பற்றிய கட்டுரைகள் அவர் மறைந்த மறு ஆண்டு ‘பச்சையும் சிவப்பும்’ என வெளிவந்தன.

இவற்றுக்கிடையே லாக்மன் பற்றிய நூலை அவர் கைவிடவில்லை. 1981இல் அதனைத் திருத்தி இரண்டாம் பதிப்பாக வெளியிட்டார். 1985இல் அது மீண்டும் அச்சானபோது, அதிலும் தாம் கண்ட பிழைகளைத் திருத்தினார்.